படிக்கட்டில் ஒரு காலியிடம்

"நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம்—"

"நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியும். பட்டியலைக் குடுங்க இப்படி."

"ஒரே ஒரு எண்தானே, நாலை அஞ்சாக்கினதுக்குப் போய் காலங்காத்தாலே—"

"எண்ணா? அது உங்க தங்கச்சி."

ஸ்டுடியோக்காரர் பட்டியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் தலை சீவிக்கொள்ள மாட்டியிருந்த கண்ணாடி அவருக்குப் பின்னாலேயே இருந்தது. ஒளித்த காகிதம் முழுசாக அதில் தெரிந்தது. இத்தனை வருஷம் கேமராவோடு குடித்தனம் நடத்தியவருக்கு எது எங்கே தெரியும் என்றுகூடத் தெரியவில்லையே என்று அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. 'ரொட்டிக்கடை வீடு' என்று அவள் எழுதியதற்கு நேரே இருந்த நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து போட்டிருந்தார். திருட்டு வேலையைக்கூடத் திருத்தமாகச் செய்யத் தெரியாது அவருக்கு.

அந்த ஐந்தாவது ஆள் உள்ளே அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயதாகி, அண்ணனைவிட அரையடி உயரமாக வளர்ந்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பொடிசு என்றுதான் பெயர். நாலு மாதத்துக்கு முன்னால் புருஷன் வீடான அந்த ரொட்டிக்கடை வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு நடந்து வந்தவள். நடந்தது மொத்தம் எட்டு வீட்டுத் தூரம். எட்டு வீட்டு ஜன்னலும் அன்றைக்குத் திறந்தன.

ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் ஊருக்கு இன்னும் செரிக்கவில்லை. அடித்தாரா என்றார்கள். இல்லை. குடியா? அதுவும் இல்லை. பின்னே என்னதான் என்றபோது, பேசுவதில்லை என்றாள். இரண்டு வருஷமாக அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போது, இன்றைக்கு ரொட்டியில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றோடு சரி. அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டுப் பூனையிடம் சொல்ல ஆரம்பித்தார். சட்டையில் பொத்தான் போய்விட்டது என்று சொல், வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல், எல்லாம் பூனையைப் பார்த்து. பூனை செத்த பிறகு தன் அம்மாவைப் பார்த்து.

இதை யார் நம்புவார்கள்? ரொட்டிக்கடைக்காரர் ஊரின் செல்லப்பிள்ளை. வாசலில் நிற்கிற குழந்தையிலிருந்து பல் போன கிழவர் வரை அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நாலு வார்த்தை கிண்டல் செய்து, சிரிக்கவைத்து அனுப்புகிற மனுஷர். தபாலாபீஸ்காரி விஷயத்தைக் கேட்டதும், பேசாத புருஷன் கிடைத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன் என்றாளாம். ஊர் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஸ்டுடியோக்காரி அதன் பிறகு தபாலாபீஸ் பக்கம் போவதில்லை. தபால்தலை வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறாள்.

இன்றைக்கு ஊர்ப்படம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் ஏறி நின்று ஒரே படமாக எடுத்துக்கொள்ளும். படத்தில் இருக்கும் தலைகளை எண்ணி, எண்ணிக்கையை ஊர் எல்லையில் இருக்கும் பலகையில் பெயின்ட்டால் எழுதுவார்கள். போன வருஷம் முந்நூற்று எண்பத்தாறு. காய்ச்சலில் படுத்தவன் அதில் இல்லை. கோபித்துக்கொண்டு வராதவனும் இல்லை. படத்தில் இல்லாதவன் அந்த வருஷத்துக்கு ஊரிலேயே இல்லை, அவ்வளவுதான். நம்ம ஊரில் வேறு என்ன பெரிதாக இருக்கிறது, இந்தச் சின்னச் சின்னச் சந்தோஷம்தானே என்று ஊர்ச் சங்கச் செயலாளர் வருஷம் தவறாமல் கண்கலங்குவார்.

அந்தச் சின்னச் சந்தோஷத்தை ஏற்பாடு செய்ய ஸ்டுடியோக்காரிக்கு மூன்று வாரம் பிடிக்கும். எல்லைச் சுவர் விவகாரத்தில் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பியை மூன்று வரிசை தள்ளித் தள்ளி நிறுத்த வேண்டும். பல் டாக்டருக்கு வலது கன்னம்தான் படத்தில் விழ வேண்டும், அதனால் அவர் எப்போதும் இடது ஓரம். டாக்டர் மனைவிக்கு முன்னால் தொப்பி போட்ட தலை எதுவும் வரக் கூடாது. இரும்புக்கடைக்காரர் நாற்காலி வரிசையில் இல்லாவிட்டால் வருஷம் முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாதவர்களைச் சல்லடை போட்டுச் சலித்து, யாரும் யாரையும் இடிக்காதபடி அடுக்கி வைத்து, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பார்கள்.

அவள் வழி எளிது. படம் எடுக்கும் நாள் காலையில் படிக்கட்டு முழுக்கச் சாக்பீஸால் கோடு போடுவாள். ஆளுக்கு ஒன்றரை அடி. வீட்டுப் பெயரும் ஆள் எண்ணிக்கையும் கோட்டுக்குள் எழுதியிருக்கும். கோட்டைத் தாண்டி ஒரு கட்டைவிரல் போனாலும் சத்தம் போடுவாள். பதினோரு வருஷமாகப் போட்ட சத்தத்தில் ஊர் பழகிவிட்டது. மாடுகூட இவ்வளவு சுருக்காகப் பழகாது என்று புருஷனிடம் சொல்வாள்.

அவளுக்கும் ஒரு கோடு உண்டு. கீழே கடைசிப் படியின் ஓரம், மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். 'ஸ்டுடியோ வீடு, ஒன்று.' புருஷன் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர். பிள்ளைகள் இல்லை. பதினோரு படத்திலும் குழாய்க்குத் துணையாக அவள் மட்டும் நிற்கிறாள். இந்த வருஷம் முதல்முறையாக 'இரண்டு' என்று எழுதியிருந்தாள். பட்டியல் மறுபடி கைக்கு வந்தபோது பார்த்தாள். அந்த இரண்டும் ஒன்றாகியிருந்தது.

"செயலாளர் நேத்து வந்திருந்தாரா?" என்று கேட்டாள்.

வந்திருந்தார். ஸ்டுடியோக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஊரே ஆசைப்படுகிறதாம். ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் போய்ப் பொடிசு நின்றுவிட்டால் போதுமாம். மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமாம். அப்புறம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், சும்மா பேச்சுவாக்கில். இப்போதெல்லாம் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, செயலாளரின் மருமகன்கூட நன்றாகப் படம் எடுக்கிறானாம்.

"அப்ப பயந்துட்டீங்க."

"பயமில்ல. அவ தனியா நின்னா ஊர் என்ன பேசும்னு—"

"அவ எங்க தனியா நிக்கிறா? என்கூட நிக்கிறா."

"உன்கூட நிக்கிறதும் தனியா நிக்கிறதும் ஒண்ணுதானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

பொடிசு ஈரக்கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"அண்ணன் அங்க வைங்கிறாரு. அண்ணி இங்க வைங்கிறீங்க. நான் என்ன பூந்தொட்டியா?"

அண்ணன் இருமினார். அண்ணிக்குச் சுருக்கென்றது. உனக்காகத்தானே சண்டை போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த இரண்டு என்ற எண்ணை எழுதும்போது தனக்கே எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்கு எங்க நிக்கணும்?" என்று கேட்டாள். நாலு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அண்ணியும் கேட்டதில்லை.

பொடிசு யோசித்தாள். "தெரியல அண்ணி. அங்க வந்து பாத்துக்கறேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒற்றுமை ஏற்கெனவே களைகட்டியிருந்தது. சாக்கு ஓட்டத்துக்குச் சாக்கு போதவில்லை என்று இரண்டு பேர் ஒரே சாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் போன வருஷம் தோற்ற மேலத்தெரு, கீழத்தெருக்காரர்கள் காலணியில் ஆணி அடித்து வந்திருப்பதாகச் சொல்லி அவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பாதத்தைச் சோதித்தது. மரத்தடியில் நீளமாகப் பெஞ்சு போட்டு, வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுவந்ததை அடுக்கினார்கள். யார் எதைக் கொண்டுவந்தது என்று பார்க்காமல் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொருத்தியும் தன் பாத்திரத்தின் மேல் தன் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்.

ஸ்டுடியோக்காரி பெஞ்சைக் கடந்தபோது அத்தனை பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வழக்கமாக இந்த ஊர் அவளைப் பார்த்து இவ்வளவு பல் காட்டாது. எங்கோ என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. நடுப் பெஞ்சில் பெரிய ரொட்டி ஒன்று, இரண்டு பறவைகள் அலகோடு அலகு வைத்துக் கொஞ்சுவது போல. பறவையின் கண்ணுக்கு உலர்ந்த திராட்சை.

அது யாருக்கு என்று கேட்டாள். தையற்காரம்மாவுக்கு ரகசியம் வயிற்றில் தங்காது. படம் எடுத்து முடித்ததும் பொடிசும் புருஷனும் சேர்ந்து அதைப் பிட்டு ஊருக்குக் கொடுப்பார்களாம். செயலாளர் கையைத் தூக்கியதும் கைதட்ட வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம். முன்கூட்டியே பொடிசுக்குச் சொல்லிவிடாதீர்கள், அவள் முகம் மலர்வதை நாங்கள் பார்க்க வேண்டும் என்று தையற்காரம்மா கெஞ்சினாள்.

ஆக, இதுதான் இந்த வருஷத்து வேடிக்கை. சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், அதற்கப்புறம் பொடிசு.

ஸ்டுடியோக்காரி நேரே செயலாளரிடம் போனாள். பஸ் ஆபீஸில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். யார் வாழ்க்கையாக இருந்தாலும் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும் அவருக்கு. கையில் ஒலிபெருக்கி. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் அதைத்தான் வாயருகே கொண்டுபோவார்.

"படத்துல ஒண்ணா நின்னுட்டா மனசும் ஒண்ணாயிடும்மா" என்றார்.

"அப்ப அந்த அண்ணன் தம்பியை ஏன் மூணு வரிசை தள்ளி நிறுத்தச் சொன்னீங்க?"

"அது வேற. அது சொத்து விஷயம்."

அவள் படிக்கட்டுக்குத் திரும்பிக் கோடு போட ஆரம்பித்தாள். மூன்றாவது வரிசை நடுவில் ரொட்டிக்கடை வீட்டுக்கு நாலு பேருக்கு இடம் விட்டு, நாலு என்று பெரிதாக எழுதினாள். ரொட்டிக்கடைக்காரர், அவர் அம்மா, தம்பி, தம்பி மனைவி. தீர்ந்தது. நாற்காலி எண்ணப் போய்விட்டு வந்தால், நாலு ஐந்தாகியிருந்தது. பக்கத்துக் கோடுகளும் ஒன்றரை அடி நகர்ந்திருந்தன. செருப்புக் காலால் தேய்த்து அழித்து மறுபடி எழுதினாள். கயிறு இழுக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தால், மறுபடி ஐந்து. இந்த முறை எழுதியவரும் அங்கேயே இருந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அவள் டப்பாவிலிருந்து எடுத்த சாக்பீஸால் கோட்டை நேராக்கிக்கொண்டிருந்தார் ஸ்டுடியோக்காரர்.

அவள் அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"எங்கம்மா சாகும்போது அவளை என் கையில பிடிச்சுக் குடுத்தாங்க" என்றார் நிமிராமலே. "நமக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? அந்த ஆளு பேசாட்டிப் போறான். சோறு போடுறான், கூரை இருக்கு. எத்தனை வீட்டுல பேசிக்கிறாங்க?"

கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு அந்த வழுக்கைத் தலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே இன்னும் எரிச்சலாக இருந்தது. சோறும் கூரையும் போதும் என்றால் பூனையாகப் பிறந்திருக்கலாமே, அதனிடமாவது பேசினார் என்று சொல்ல வந்தாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஊர் படியேற ஆரம்பித்துவிட்டது. தேய்த்து அழிக்க நேரமில்லை.

ஒவ்வொருவரும் குனிந்து தன் வீட்டுப் பெயரைத் தேடி, கண்டுபிடித்து, கோட்டுக்குள் பாதத்தைக் கச்சிதமாக வைத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் கன்னத்தைத் திருப்பினார். இரும்புக்கடைக்காரர் நாற்காலியில் இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்தார். ரொட்டிக்கடைக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, போகிற வழியெல்லாம் ஒருவர் தோளைத் தட்டி, ஒருவர் வயிற்றைக் கிள்ளி, கிழவர் ஒருவரிடம் அடுத்த வருஷமும் உங்கள் இடம் எனக்குக் கிடைக்காது போலிருக்கிறதே என்றார். மூன்று படிகள் குலுங்கிச் சிரித்தன.

பொடிசு குழாய்க்குப் பக்கத்தில் அண்ணியோடு வந்து நின்றாள். ஒரு ஆளுக்கான கோட்டுக்குள் இரண்டு பேர். தோள் இடித்தது. அந்த ஒரு நாள் மட்டும் ஸ்டுடியோக்காரி சத்தம் போடவில்லை.

ஸ்டுடியோக்காரர் ஏணியில் ஏறிக் கேமராவில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுத்தார். மூன்றாவது வரிசை நடுவில், ரொட்டிக்கடைக்காரருக்கு வலப்பக்கம், ஒன்றரை அடிக்கு ஒன்றுமில்லை. சிரித்த வாயில் பல் விழுந்த மாதிரி. தான் போட்ட கோடுதான். ஆனால் கேமரா வழியாகப் பார்த்தபோது அவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார்.

ஒருவரும் நகரவில்லை. கோட்டைத் தாண்டினால் ஸ்டுடியோக்காரி கத்துவாள் என்று காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நெருங்குங்க, பரவாயில்ல. கோடு கிடக்கட்டும்" என்று அவளே ஓரத்திலிருந்து சொன்னாள்.

பதினோரு வருஷத்தில் அவள் சொல்லாத சொல். யாரும் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்து, நகர ஆரம்பித்திருந்த ஒன்றிரண்டு பேரும் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இத்தனை நல்லபடியாகப் பழக்கிய தன் வாயை அவள் மனசுக்குள் நாலு அறை அறைந்தாள்.

செயலாளருக்குக் குறித்த நேரம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனார். யாரும் அசைய வேண்டாம் என்றார். நம் குடும்பத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார். ஒரு வீடு என்றால் நாலும் இருக்கும், ஊர் என்று நாம் எதற்கு இருக்கிறோம், நம் வீட்டுப் பெண் நம்மிடமே திரும்ப வருகிறாள் என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கையைத் தூக்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்களும் தட்டினார்கள். முந்நூற்றுச் சொச்சம் முகங்கள் குழாய்ப் பக்கம் திரும்பின. தபாலாபீஸ்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜக் கண்ணீர்தான். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

பொடிசு ஒரு படி இறங்கினாள்.

அண்ணி அவள் கையைப் பிடித்தாள். பொடிசு மெல்ல, ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டாள்.

போகிறாள், தோற்றுப் போகிறாள் என்று நினைத்தாள் ஸ்டுடியோக்காரி. எத்தனை பேர் சேர்ந்து ஒருத்தியைத் தள்ளினால் அவள் போகாமல் இருப்பாள்? கைதட்டல் உரத்தது. பொடிசு படிக்கட்டின் அடியில் குறுக்கே நடந்து, ரொட்டிக்கடை வீட்டார் நின்ற இடத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். அத்தனை பேருக்கும் வழி விட இடமிருந்தது. அவள் ஏறவில்லை.

கைதட்டல் தயங்கித் தயங்கி நின்றது.

ரொட்டிக்கடைக்காரர் சிரித்த முகமாகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் அம்மாவிடம் உதட்டை அசைக்காமல் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் குனிந்து, "ஏறி வாம்மா, வெயில் ஏறுதுல்ல" என்றாள்.

"உங்களைக் கேக்கல அத்தை" என்றாள் பொடிசு.

காலையில் சாக்குக்குச் சண்டை போட்டவர்கள்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஏணியில் இருந்த அண்ணன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுத்தார்.

பொடிசு குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த அமைதியில் மேல் படி வரைக்கும் கேட்டது.

"இங்க இருக்கிற அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை, என் முகத்தைப் பாத்து, 'வா'ன்னு சொல்லுங்க. வந்து நிக்கிறேன்."